கொட்டுகிறதா, உடைகிறதா, மெலிகிறதா? தலைமுடி பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சீப்பிலும் தலையணையிலும் முடி முடியாகக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கொட்டினால் பயப்பட வேண்டும்? எண்ணிப் பார்க்கலாமா டாக்டர்?

எண்ணுவதை விட்டுவிடுங்கள். கவலை கூடுமே தவிர, விடை கிடைக்காது. தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும், அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில்தான் இருக்கிறது. அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு, மூன்று நான்கு நாள் கணக்கு ஒரே நாளில் தண்ணீரோடு வரும். அதைப் பார்த்து ஷாம்பூவைக் குறை சொல்வதில் பயனில்லை.

எண்ணிக்கையை விட, விழுந்த முடி எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பத்து முடியை எடுத்து வெள்ளைத் தாளின் மேலும் கறுப்புத் துணியின் மேலும் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால், அது ஓய்வுக்காலம் முடிந்து உதிர்ந்த முடி. அந்தக் குமிழைப் பார்த்து "வேரோடு வந்துவிட்டதே" என்று பலர் பதறுகிறார்கள். முடி முளைக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழே இல்லாமல், வெவ்வேறு நீளத்தில் துண்டு துண்டாக இருந்தால் முடி உடைகிறது. சிக்கல் வேரில் இல்லை, தண்டில். நீள முடிகளுக்கு நடுவே, குமிழோடு கூடிய குட்டையான, நூலிழை போன்ற முடிகள் நிறைய இருந்தால் வேர்ப்பைகள் சுருங்க ஆரம்பித்திருக்கலாம். மூன்றுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எதை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 50, 60 முடிகளைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே தலையை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நுனிவரை இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உச்சி, பின்தலை, இரு பக்கம் என நான்கு இடத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு முடிக்கு மேல் கையோடு வந்தால் கொட்டுதல் தீவிரமாக நடக்கிறது என்று அர்த்தம். ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அந்த இடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டைஃபாய்டு வந்து குணமாகி மூன்று மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. இப்போது போய் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. மாத்திரைகளின் பக்கவிளைவா?

மாத்திரை இல்லை, காய்ச்சல்தான். கொட்டுவது இன்று என்றாலும் அதற்குக் காரணம் இரண்டு மூன்று மாதம் முன்பு நடந்தது. கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, அதிக ரத்தப்போக்கு, பிரசவம், பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பது, கருத்தடை மாத்திரையை நிறுத்துவது, தாங்க முடியாத துக்கம் இவற்றில் எது நடந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு சுமார் 3 மாதம் என்பதால், உடம்பு தேறிய பிறகே அவை ஒட்டுமொத்தமாக உதிர்கின்றன. முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும், காலண்டரை எடுத்து மூன்று மாதம் பின்னால் போகச் சொல்வதுதான் முதல் வேலை.

உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய நல்ல செய்தி, இதனால் வழுக்கை விழாது. வேர்ப்பைகள் அத்தனையும் உயிரோடு இருக்கின்றன. கீழிருந்து புது முடி முளைக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் பழையது கழன்று விழுகிறது. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது அடங்கும். நெற்றி ஓரத்தில் ஒரு விரற்கடை நீளத்தில் குத்திட்டு நிற்கும் சிறு முடிகளைப் பார்த்தால், திரும்ப வளர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அடர்த்தி கண்ணுக்குத் தெரிய நாளாகும். முடி மாதம் 1 செ.மீ. அளவுக்குத்தான் வளரும், தோள்வரை முடி வைத்திருப்பவருக்குப் பழைய கொண்டை திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இங்கே நடக்கும் தவறு, மாதம் ஒரு எண்ணெய், மாதம் ஒரு சீரம் என்று மாற்றிக்கொண்டே போவது. தானாக நிற்க வேண்டிய நேரத்தில் கையில் எந்தப் புட்டி இருந்ததோ, அதற்குப் பேர் கிடைத்துவிடும். போதுமான புரதத்தோடு நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அது போதும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் இரும்புச் சத்து, தைராய்டு, தொடர்ந்து சாப்பிடும் மருந்துகள் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். வலிப்புக்கான வால்புரோயேட், மனநலத்துக்கான லித்தியம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின், வார்ஃபரின், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் முடியைக் கொட்ட வைக்கலாம். அப்படித் தோன்றினால் எழுதித் தந்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால், முடியைக் காப்பாற்றப் போய் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். எனக்கு முன்நெற்றியே தெரிகிற அளவுக்கு முடி போய்விட்டது. தாய்ப்பால் கொடுப்பதாலா?

தாய்ப்பாலால் இல்லை. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜென் கூடியதால் உதிர வேண்டிய முடிகள் உதிராமல் நின்றன. பிரசவத்துக்குப் பிறகு அந்த பாக்கியெல்லாம் சேர்ந்து விழுகிறது. மூன்று நான்கு மாதத்தில் உச்சத்துக்குப் போகும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தச் சமயத்தில், முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து வேண்டாம். படபடப்பு, தாங்க முடியாத சோர்வு, காரணமில்லாமல் எடை ஏற்ற இறக்கம் இருந்தால் தைராய்டைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டில் தைராய்டு அழற்சி சிலருக்கு வரும்.

இன்னொன்று, கட்டாயம் படியுங்கள். உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலில், கைவிரலில் சுற்றி இறுகிவிடுவது உண்டு. குழந்தை நிறுத்தாமல் அழுதால் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, நடுவில் கோடு போட்டாற்போல் பள்ளம் தெரிந்தால், முடியை எடுக்க வராவிட்டால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வயது 38. முடி பெரிதாகக் கொட்டவில்லை. ஆனால் வகிடு வருடத்துக்கு வருடம் அகலமாகிறது. அம்மாவுக்கும் இப்படித்தான். என்ன காரணம்?

நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கொட்டாமலே குறைவது, வகிட்டில் ஆரம்பிப்பது, குடும்பத்தில் இருப்பது மூன்றும் சேர்ந்தால் பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவு என்றே பெரும்பாலும் முடிகிறது. வேர்ப்பை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்குகிறது. வளரும் காலம் ஆண்டுகளிலிருந்து மாதங்களாகக் குறைகிறது. தடித்த முடி இருந்த இடத்தில் மெல்லியது, அதற்கடுத்து அதைவிட மெல்லியது என்று போய், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி மட்டும் மிஞ்சுகிறது. பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், உச்சி மட்டும் தெரியும். 1977-ல் லுட்விக் வகுத்த மூன்று நிலைகளை வைத்துத்தான் இதை இன்றும் அளக்கிறோம்.

ஒரே கண்ணாடி, ஒரே விளக்கு, ஈரமில்லாத தலை, நடுவகிடு என்று மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு உங்கள் வாய்வார்த்தையைவிட அது உதவும். மாதவிடாய் தள்ளிப் போவது, தாடையில் முரட்டு முடி, விடாத பரு இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காகவும் ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும். சில மாதத்துக்குள் வேகமாக மெலிந்து, குரலும் கட்டையானால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள். அரிதாக ஹார்மோன் சுரக்கும் கட்டி காரணமாக இருக்கும்.

கேள்வி: 26 வயது ஆண். நெற்றி இரண்டு பக்கமும் ஏறுகிறது. அப்பாவுக்கு இன்றும் நல்ல முடி. ஹெல்மெட் போடுவதால் வந்திருக்குமா?

ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெஸ்டோஸ்டிரோன் உடலில் டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாறுகிறது. நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகள் சிலருக்கு அதைத் தாங்குவதில்லை, சுருங்கிவிடுகின்றன. பின்தலை முடிக்கு அந்தக் குணம் இல்லாததால்தான், அங்கிருந்து எடுத்து முன்னால் நட முடிகிறது. ஹார்மோன் அளவு எல்லோரையும் போலத்தான் இருக்கும். வேர்ப்பையின் தன்மைதான் வேறு. அந்தத் தன்மை அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். ஆகவே அப்பா தலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது.

சீக்கிரம் ஆரம்பித்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் மருந்து பெரிதாக எதுவும் செய்யாது. தடவ மினாக்ஸிடில், சாப்பிட ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. என்பவை இரண்டும் நன்கு ஆராயப்பட்டவை. பின்னது டிஹெச்டி உருவாவதைக் குறைக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் இதற்காக அனுமதி பெற்றது. சிலருக்குப் பாலுணர்வு குறைவு, விறைப்புக் குறைவு, மனச்சோர்வு வரலாம். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. ஆண் சிசுவைப் பாதிக்கும். மாத்திரை எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் ரத்ததானம் கூடாது. பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் அளவை இது ஏறக்குறையப் பாதியாகக் காட்டும் என்பதால், பின்னாளில் அந்தப் பரிசோதனை செய்யும்போது இந்த மாத்திரையைச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: மினாக்ஸிடில் தடவ ஆரம்பித்து மூன்று வாரத்தில் முன்பைவிட அதிகம் கொட்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். சரிதானே?

அவசரப்பட்டுவிட்டீர்கள். அந்தக் கொட்டுதல் மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் வேர்ப்பைகளை மினாக்ஸிடில் சீக்கிரமே வளர்ச்சிக்குத் தள்ளும்போது, அங்கிருந்த பழைய முடி விழுகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் வந்து, தானாக அடங்கிவிடும். இதை முதலிலேயே சொல்லி அனுப்பாததால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். பலன் கிடைத்தால் தொடர்ந்து போட வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பும். இந்த ஒப்பந்தத்துக்கு மனம் ஒப்பினால் மட்டும் ஆரம்பியுங்கள்.

தடவும் முறையில்தான் பாதிப் பேருக்குக் கோளாறு. தலையும் முடியும் காய்ந்திருக்க வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்து, மருந்து தோலில் படும்படி விட வேண்டும். முடியில் வழிந்தது வீண். கரைசல் என்றால் ஒரு தடவைக்கு 1 மி.லி., ஆண்களுக்கு 5 சதவீதம் காலையும் மாலையும். பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் இரண்டு வேளை, அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை, அரை மூடி அளவு. அளவைக் கூட்டினால் முடி கூடாது, பக்கவிளைவுதான் கூடும். தடவியபின் நான்கு மணி நேரம் தலையை நனைக்க வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்தில் பட்டு, கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி முளைக்கும். முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

அரிப்பு, செதில் வந்தால் பல நேரம் காரணம் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத நுரைக்கு மாறினால் தீரும். நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். இது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்த மருந்து என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம்: மிகச் சிறிய அளவு மினாக்ஸிடில்கூடப் பூனைக்கு நஞ்சு. தடவிய தலையை, தலையணையை அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயோட்டின் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறேன். பலன் இல்லை. என்னென்ன ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். பயோட்டின் ஒரு வைட்டமின், அதன் குறைபாடு மிக அரிது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், அது சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று நினைக்கவும் முடியாது. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் தைராய்டு பரிசோதனை தப்பாக வரும். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவு குறைவாகத் தெரியும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்தி, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ, செலீனியம் இரண்டும் அளவுக்கு மிஞ்சினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தலை முழுவதும் பரவலாகக் குறைகிறது என்றால், முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் மூன்றும் முதலில். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது இரும்பின் இருப்பு, காலியாக இருக்கலாம். ஆய்வகத் தாள் 15-ஐ "இயல்பு" என்று காட்டினாலும், முடி கொட்டுபவருக்கு 40-க்கு மேல் கொண்டுவரவே நாங்கள் பார்ப்போம். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். குணமான பிறகு எடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சாப்பிட்டால் உடலில் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். குறைபாடு உறுதியாகாமல் இரும்பு சாப்பிடாதீர்கள். மாதவிடாய் இல்லாதவருக்கு இரும்பு குறைந்திருந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று குடலைப் பார்ப்பதுதான் முடியைவிட முக்கியம்.

கேள்வி: எட்டு வயது மகனுக்குத் தலையில் காசு அளவு ஒரு இடத்தில் முடியே இல்லை. புழுவெட்டு என்கிறார்கள். எதைத் தேய்க்கலாம்?

எதையும் தேய்க்கும் முன் அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். தோல் வழுவழுவென்று, செதிலோ சிவப்போ இல்லாமல் இருந்து, ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள் நின்றால் புழுவெட்டு. எந்தப் பூச்சியும் கடிப்பதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே வேர்ப்பையைத் தாக்குகிறது. இது தொற்றாது. ஒன்றிரண்டு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே நிரம்பும், முதலில் வெள்ளையாகக்கூட முளைக்கும். குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு களிம்பு, பெரியவர்களுக்கு அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி என்று சிகிச்சை போகும். எரியும் சாறுகளைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் ஏராளம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செதில், அரிப்பு, தோலோடு ஒட்டி ஒடிந்த கரும்புள்ளி போன்ற முடிகள் இருந்தால் அது படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. குழந்தைகளுக்கு இதுவே அதிகம். பூஞ்சை முடித்தண்டுக்கு உள்ளே இருப்பதால் மேல்பூச்சு எட்டாது. சில வாரங்களுக்கு வாய்வழி மருந்து கட்டாயம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். சீப்பு, தொப்பி, துண்டு தனியாக வையுங்கள். வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளின் தலையையும் பாருங்கள்.

கேள்வி: இழுத்துக் கட்டுவதால் முடி போகுமா? ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த பின் நுனியெல்லாம் உடைகிறது.

போகும். நெற்றி ஓரமும் காதுக்கு மேலும் மெலிந்து, விளிம்பில் மட்டும் கட்டுக்குள் அடங்காத சிறு முடிகள் ஒரு வரிசை நின்றால், இழுவைதான் காரணம். பின்னலை அவிழ்த்ததும் தலை வலிக்கிறது, அல்லது வேரில் சின்னக் கொப்புளம் வருகிறது என்றால் எல்லை மீறிவிட்டீர்கள். இந்த நிலையில் தளர்த்தினால் திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகிவிடும், பிறகு வளராது. ஒட்டு முடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

உடைந்த நுனிக்கு எதுவும் ஒட்டுப்போடாது, வெட்டத்தான் வேண்டும். ஈர முடியில் சூட்டுக் கருவி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் நீர் கொதித்துத் தண்டில் குமிழ் விழுந்து, அந்த இடத்திலேயே ஒடியும்.

கேள்வி: தலையை மழித்தால் அடர்த்தியாக வளருமா?

வளராது. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேர்ப்பையின் எண்ணிக்கையைக் கத்தி கூட்டாது.

கேள்வி: உச்சியில் எரிச்சலும் அரிப்பும் ஒரு வருடமாக இருக்கிறது. அங்கே முடி குறைந்து தோல் மினுமினுக்கிறது. பொடுகு ஷாம்பூ போட்டும் போகவில்லை.

இந்தக் கடிதத்துக்குத்தான் நான் அவசரப்படுகிறேன். பொடுகு என்றால் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, நுரையோடு ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் நான்கு வாரத்துக்குள் குறைய வேண்டும். குறையாமல், எரிச்சலும் வலியும் சேர்ந்து, தோலில் முடித்துளைகளே தெரியாமல் மினுமினுத்தால், அது தழும்பாக்கும் வகை முடி இழப்பாக இருக்கலாம். இங்கே போன முடி திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முடியும். ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, 4 மி.மீ. அளவு தோல் துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். வழுக்கையான நடுவிலிருந்து எடுத்தால் தழும்பு மட்டுமே தெரியும்; முடி இன்னும் நிற்கும், சிவந்த ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். போகும்போது எண்ணெயோ, மறைக்கும் பவுடரோ போடாமல் போங்கள். இதுவரை தடவியது, சாப்பிட்டது அத்தனையையும், அட்டையோ புட்டியோ, கையோடு கொண்டு போங்கள்.